கடலோரப் பள்ளிச் சுவரில் என்ன வரையலாம்?

கேள்வி இது: ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பள்ளியின் சுற்றுச்சுவர், சுமார் 80 அடி நீளம். ‘இயற்கையோடு இசைந்த வாழ்வு’ என்ற தலைப்பில் ஓவியம் தீட்ட வேண்டும். பூமி உருண்டையைத் தாங்கும் இரண்டு கைகள், டால்பின், ஆமை, அரசமரம் என்று யோசித்திருக்கிறார்கள். இந்தக் கடற்கரைக்கே உரிய சின்னங்கள் உண்டா, அவற்றைப் பிழையில்லாமல் வரைவது எப்படி?

உண்டு. 80 அடியில் அடங்காத அளவுக்கு உண்டு. முதலில் பூமியைத் தாங்கும் கைகளை விட்டுவிடுங்கள். எந்த ஊர்ச் சுவருக்கும் பொருந்துகிற படம் அது, உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். வடக்கே பாக் நீரிணையின் அலை அடங்கிய பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாவின் அலை மிகுந்த ஆண்கடல். நடுவே மணலும் உப்பும். இப்படிப்பட்ட இடத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்க முடிந்ததென்றால், எதில் எவ்வளவு எடுக்கலாம், எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று மக்கள் தெரிந்து வைத்திருந்ததுதான் காரணம். அதனால் ஒரு மரத்தையோ மீனையோ தனியாக வரையாதீர்கள். அதிலிருந்து எடுக்கும் மனிதக் கையும், அந்தக் கை நிற்கும் இடமும் படத்தில் தெரிய வேண்டும். என் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

சுவரின் நடுவில், பெரிதாக, மணல் ஊற்றை வரையுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் கடலிலிருந்து சில பத்து அடி தள்ளி, மணல்மேட்டின் சரிவில் கையாலேயே தோண்டுகிற குழி அது. இரண்டு, மூன்று அடி தோண்டியதும் மணல் நிறம் மாறி ஈரமாகும். இன்னும் ஒரு சாண் போனால் நாலு பக்கமிருந்தும் நீர் கசியும். முதலில் வருவது கலங்கல், அதை அள்ளி வெளியே ஊற்றிவிட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். மணலின் ஊடே வடிந்து வருகிற தெளிந்த நீர் சிறிது சிறிதாகச் சேரும். அதைச் சிரட்டையால், அடிமணல் கலங்காமல், மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். குழியின் ஓரம் சரியாமலிருக்க அடிப்பாகம் இல்லாத பீப்பாயைப் புதைத்திருப்பதையும் பார்க்கலாம்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி? ஒரு கன மீட்டர் நல்ல நீரின் எடை 1,000 கிலோ என்றால் கடல்நீருக்குச் சுமார் 1,025 கிலோ. மணலில் இறங்கும் மழைநீர் எடை குறைந்தது, ஆகவே உப்புநீரின் மேல் அது மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை அது உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. ஆபத்தும் அதே கணக்கில்தான் இருக்கிறது. மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு 40 அடி ஏற இடம் கிடைக்கிறது. சிரட்டையால் அள்ளும்போது மேல்நீர் மட்டும் போகிறது, பக்கத்து மணலிலிருந்து அது நிரம்புகிறது. அதே இடத்தில் ஆழ்துளைக் குழாய் இறக்கி மோட்டார் வைத்தால், குழாயின் அடியில் உப்புநீர் கூம்புபோல மேலே குவியும். முதலில் தேநீர் திரியும், அப்புறம் பருப்பு வேகாது, பிறகு வாயில் வைக்க முடியாது. மோட்டாரை நிறுத்தினாலும் அந்தக் கூம்பு உடனே இறங்காது, ஒன்றிரண்டு நல்ல மழைக்காலம் தேவைப்படலாம்.

இதை ஓவியமாக்கும்போது மணல்மேட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். நல்ல நீரை வெளிர்நீலத்தில், பயறு விதைபோல நடுவில் தடித்து இரு ஓரத்திலும் மெலிந்ததாகத் தீட்டுங்கள். அதன் அடியில் கரும்பச்சையில் கடல்நீர். ஒன்றுக்கு நாற்பது என்ற விகிதத்தை அப்படியே வரைய முடியாது, அடிப்பாகம் மேற்பாகத்தைவிடப் பல மடங்கு ஆழம் என்பது தெரிந்தால் போதும். மேலே குழியின் ஓரத்தில் குந்தியிருக்கும் பெண், அவர் கையில் சிரட்டை, பக்கத்தில் பாதி நிரம்பிய குடம். குடத்தைத் தளும்பத் தளும்ப வரைந்துவிடாதீர்கள். ஊறும்வரை காத்திருப்பதுதான் இந்தப் படத்தின் பொருள்.

மேட்டின் மேல் இரண்டு செடிகள் கட்டாயம் வேண்டும். ஒன்று அடும்பு: ஆட்டுக்குளம்புபோல நுனி பிளந்த இலை, ஊதா நிறப் புனல் வடிவப் பூ, மணலில் நெடுந்தூரம் ஓடும் கொடி. மற்றது இராவணன் மீசை: ஊசிபோல விறைத்த இலைகள், காற்றில் உருண்டோடும் முள்பந்து போன்ற விதைக்கொத்து. இவை இரண்டும்தான் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. மணல்மேடு இருந்தால்தான் மழைநீர் தங்க இடம் உண்டு. மேட்டை வாரிவிட்டால் ஊற்றும் போய்விடும். கழிவறைக் குழியை ஊற்றுக்குப் பக்கத்தில் தோண்டினாலும் கெட்டது, 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். மணல் கிருமியை ஓரளவே வடிகட்டும், கழிவில் கரைந்த உப்புகளைத் தடுக்காது.

தங்கச்சிமடம் பக்கத்து வில்லூண்டித் தீர்த்தத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கடலுக்குள் நிற்கும் கிணற்றில் உப்புக் கரிக்காத தண்ணீர். ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம். ஊற்றுப் படத்தின் ஓரத்தில் அதையும் சிறிதாகச் சேர்க்கலாம். ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் கடலுக்கு இவ்வளவு அருகில் இருப்பதற்கும் இந்த மிதக்கும் நீரைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். பக்தியும் நீரின் கணக்கும் இங்கே ஒன்றையொன்று இடிப்பதில்லை.

அடுத்தது பனை. அரசமரத்துக்குப் பதில் இதை வையுங்கள். 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம் இது, உங்கள் மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் நிற்பது. ஆனால் சுவர்களில் பெரும்பாலும் தென்னையைத்தான் வரைந்து பனை என்று பெயர் எழுதுகிறார்கள். தென்னை ஓலை இறகுபோல நீண்டது. பனை ஓலை விசிறிபோல விரிந்தது, மட்டையின் இரு ஓரத்திலும் ரம்பப் பல் போன்ற கருக்கு இருக்கும். பனையின் உடல் கருத்து நேராக எழும், அடியில் சற்றே பருத்து வேர்க்கற்றை தெரியும். காயோடு நிற்பது பெண்பனை, விரல்போல நீண்ட பாளைகள் தொங்குவது ஆண்பனை. இரண்டையும் ஒரே மரத்தில் வரைந்துவிடாதீர்கள். பாளை விடும்வரை எது ஆண், எது பெண் என்று சொல்ல முடியாது, அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். நட்டவர் தனக்கென்று நடுகிற மரமில்லை அது.

பனை ஏறுபவரை வரைவதானால் அவருடைய சாமான்களைச் சரியாகக் காட்டுங்கள். ஏறும்போது காலில் மாட்டும் தளைநார், இடுப்பில் அருவாள்பெட்டி, அதில் பாளை சீவும் மெல்லிய அரிவாளும் சுண்ணாம்பும், பாளையை நசுக்கிப் பதமாக்கும் கடிப்பு, மரத்தின் மேலே கலயங்கள். பாளையை ஒவ்வொரு முறையும் சீவுவது தாள் கனம்தான். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், சீவாமல் ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். சுண்ணாம்பு கூடினால் நாக்கு காரும், கருப்பட்டி கறுத்து இளகும். குறைந்தால் பதநீர் பாதியில் புளித்துக் கருப்பட்டி கட்டாது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் வேண்டும், அதைக் கம்பிப்பதம் தாண்டிக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவார்கள். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிச் சிறிது போடுவதும் உண்டு.

பனையில் கை நிற்கும் இடம் குருத்து. ஓலை வெட்டும்போது முற்றிய அடியோலைகளை மட்டும் எடுத்துக் குருத்தையும் அதைச் சுற்றிய இளம் ஓலைகளையும் விட்டுவிட வேண்டும். குருத்து போனால் மரமே போச்சு, பக்கக்கிளை விடுகிற மரமில்லையே. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் பனைகள் விழுந்தது கொஞ்சநஞ்சமில்லை. 2021-இல் அரசு வேளாண் நிதிநிலை அறிக்கையில், ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அறிவித்த பிறகாவது ஊர்க்காரர்கள் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைத்தது. பனைக்கும் கடலுக்கும் உள்ள உறவையும் காட்டலாம். இந்தக் கடற்கரையில் வலைக் கயிற்றில் பனையோலைக் கீற்றுகளைக் கட்டி இழுக்கும் ஓலைவலை முறை உண்டு. நீருக்குள் ஓலை ஆடும் நிழலுக்கு மிரண்டு மீன் வலையின் பக்கம் ஒதுங்கும்.

மூன்றாவது படம் பாசி எடுக்கும் பெண்கள். மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் முதல் கீழக்கரைப் பக்கம் வரை கரையோரப் பெண்களின் தொழில் இது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் சொல்லும் வகைகள் வெவ்வேறு. முதல் இரண்டிலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருள் எடுக்கிறார்கள், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் என்ற கெட்டிப்படுத்தும் பொருள். பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணில் நீர்க்கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் வலைப்பை கட்டி மூழ்குவார்கள். துணிச்சுற்றை மறக்காமல் வரையுங்கள். பாறையும் பவளமும் விரலைக் கிழிக்கிற வேலை அது. பாசி பழுப்பும் கரும்பச்சையும் கலந்த நிறம், எல்லாவற்றையும் பச்சைப்புல்போலத் தீட்டினால் அவர்களே சிரிப்பார்கள்.

எடுக்கும் விதத்தில்தான் எல்லாம். பாறையைப் பிடித்திருக்கும் அடிப்பகுதியை விட்டு மேலே உள்ளதைக் கையால் பறித்தால் அங்கேயே மறுபடி துளிர்க்கும். இரும்புத் தகட்டால் சுரண்டினால் அந்த அடிப்பகுதியும் போகும், பவளமும் உடையும். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, சுரண்டுவதில்லை என்று பெண்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இந்த முயற்சியை முன்னின்று நடத்தியதற்காகப் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீக்காலஜி விருது கிடைத்தது. இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு, தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது சட்டத்தோடு மோதுகிறது. பாட்டி காலத்திலிருந்து போன இடத்துக்கு இப்போது பயந்து போக வேண்டியிருக்கிறது. காவலும் தேவைதான், ஆனால் 12 நாள் கணக்கைத் தாங்களே வகுத்துக்கொண்டவர்களைத் திருடர்களைப்போல நடத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பதை இதே படத்தில் சேர்க்க வேண்டாம். மிதவையில் பெரும்பாலும் வளர்ப்பது வெளிநாட்டு இனமான கப்பாபைகஸ். வருமானம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அது மிதவையிலிருந்து பிரிந்து குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் பற்றிப் படர்ந்தது 2008-லேயே பதிவாகிவிட்டது. போர்வைபோல மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது.

டால்பினுக்குப் பதில் ஆவுளியாவை வரையுங்கள். கடல்பசு என்றும் சொல்வோம். இங்கேதான் பிழை அதிகம். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பாதி அமெரிக்காவின் மானட்டி, அதன் வால் வட்டமான துடுப்பு. நம் ஆவுளியாவின் வால் டால்பின் வாலைப்போல நடுவில் பிளந்து பிறைபோல விரிந்தது. முதுகில் துடுப்பு கிடையாது. மூக்குத்துளை முகத்தின் மேல்பக்கம். வாய் கீழ்நோக்கி மடங்கியிருக்கும், தரையில் உள்ள கடற்புல்லை மேய்வதற்காக. மேல் உதட்டில் கட்டை மீசை, சின்னக் கண், வெளிக்காது இல்லை. நீளம் 3 மீட்டர்வரை, எடை 400 கிலோவை எட்டும், நாளுக்கு 30, 40 கிலோ புல் தின்னும். குட்டி ஒன்றுதான், அதுவும் மூன்று முதல் ஏழு வருட இடைவெளியில். அதனால் ஒன்று வலையில் மூச்சுமுட்டிச் செத்தால்கூட அந்த இழப்பை ஈடுகட்டப் பல வருடமாகும். உங்கள் மாவட்டத்துக்கு வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் இதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். வரைய வேண்டிய காட்சி: நாட்டுப்படகின் விளிம்பில் குனிந்து, தன் வலையைத் தானே அறுத்து ஆவுளியாவை விடும் மீனவர். வலைதான் அவருடைய முதல், அதை அறுப்பது சின்னக் காரியமில்லை.

சங்கு வரைவதானால் ஒரு எச்சரிக்கை. கடலில் எடுப்பது ஏறக்குறைய முழுவதும் இடம்புரி. கூர்முனை கொண்ட சுருள் பகுதியை மேலே வைத்து வாய் உங்களைப் பார்க்கப் பிடித்தால், வாய் வலப்பக்கம் இருக்கும். வலம்புரிக்கு இடப்பக்கம். கணினியில் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டால் எல்லாச் சங்கும் வலம்புரி ஆகிவிடும். கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் சங்குக்குளியில் அளவு வளையத்துக்குள் நுழைந்துவிடும் சிறிய சங்கைக் கடலுக்கே திருப்பிப் போடும் வழக்கம் இருந்தது. அந்த வளையத்தையே சின்னமாக வரையலாம்.

பறவைக்கு இடமிருந்தால் சித்திரங்குடிக் கண்மாயும் காஞ்சிரங்குளமும் இருக்கின்றன, இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ளவை. நாரைக் கூடுகளை நாட்டுக் கருவேல மரத்தில் வரையுங்கள், சீமைக்கருவேலத்தில் வேண்டாம். பூநாரை வரைந்தால் அடர் இளஞ்சிவப்பு பூசாதீர்கள். நம் கடற்கரைக்கு வருவது பெரிய பூநாரை, உடல் வெள்ளையில் லேசாகச் சிவப்போடியது, இறக்கை விரித்தால்தான் நிறம் தெரியும். அலகின் நுனி மட்டும் கறுப்பு.

ஆமையை அப்படியே வைத்துக்கொள்ளலாம், காலில் விரல் வரையாமல் துடுப்பு வரைந்தால் போதும்.

இன்னொன்று, எல்லோரும் மறக்கிற சின்னம்: ஏழு கட்டம் போட்ட ஒரு சக்கரம். பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 1970-களின் மோதல்களுக்குப் பிறகு வந்தது. மீறல்களும் சச்சரவும் இன்றும் உண்டு. ஆனாலும் நாளைப் பங்கிட்டுக் கடலைப் பகிர்வது என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் சுவரில் பார்க்க வேண்டும். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையும் ஒரு கோடாகக் காட்டலாம்.

இனி சுவர். எவ்வளவு நல்ல படமும் கடலோரத்தில் உப்பால் உரிந்துவிடும். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது காயவிடுங்கள். கடல்மணல் கலந்த பூச்சாக இருந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே இறங்கும். உலர்ந்த நார்த்தூரிகையால் தேய்த்துத் தட்டி எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பூத்தால் மறுபடியும் தேயுங்கள். பூப்பது நின்ற பிறகே வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட், அதன் மேல் ஓவியம். காவி, மஞ்சள்காவி, கறுப்பு போன்ற ஆக்சைடு நிறங்கள் வெயிலுக்கு நிற்கும். பளபளப்பான இளஞ்சிவப்பும் மலிவான மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும்.

வேலையைத் தை முதல் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். வாடைக்கால மழை ஓய்ந்திருக்கும், ஆனி ஆடிக் கச்சான் காற்றில் மணல் பறந்து ஈர வண்ணத்தில் ஒட்டும் தொல்லையும் இருக்காது. தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு எமல்ஷன் பூசவே வேண்டாம். நிலத்தின் ஈரம் உப்போடு மேலேறும்போது எமல்ஷன் தோல் கொப்புளித்து உரியும். அந்த அளவுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்: நீற்றிய சுண்ணாம்பை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வடிகஞ்சி சேர்த்து நீர்க்கக் கலந்து மூன்று முறை. ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த இரண்டடியைப் பிள்ளைகளே புதுப்பித்துக்கொள்ளலாம்.